மூன்றாம் அத்தியாயம் நடந்துவிட்டது

மர்லீன் கடோகன் தன் நாவலில், தான் குடியிருந்த டுலூமி என்ற ஆஸ்திரேலிய ஊரின் வடக்கு மதகைச் சிக்க வைத்ததற்குக் காரணம் ரொம்பச் சாதாரணமானது. அவள் வரவேற்பாளராக வேலை பார்த்த பல் மருத்துவமனை வடக்குத் தெருவில் இருந்தது. ஈஸ்டரோடு சேர்த்து இரண்டு நாள் லீவு கேட்டாள். டாக்டர் தரவில்லை. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, ஆற்றைக் கொண்டுபோய் அவருடைய நாற்காலி மேல் விட்டாள். தண்ணீர் அங்கே முதலில் போய்ச் சேர வேண்டுமென்றால் வடக்கு மதகுதான் மூடாமல் நிற்க வேண்டும். நிறுத்தினாள். எழுதி முடித்தபோது மனசு லேசாக இருந்தது.

அதற்கு முன்னால் அவள் மதகைப் பக்கத்தில் போய்ப் பார்த்ததுகூட இல்லை.

நாவலின் பெயர் "சேற்றுப் பாராளுமன்றம்". கதை நடப்பது வரப்போகிற காலத்தில். மூன்றாம் அத்தியாயத்தில் வெள்ளம். நான்காவதில் ஆற்றிலிருக்கும் காட் என்ற பெரிய மீன்கள் ஆளுயரத்துக்கு வளர்ந்து பேச ஆரம்பிக்கின்றன. பிறகு அவை கரையேறி, ஊர்ப் பெரியவர்கள் புல்தரையில் பந்து உருட்டி விளையாடும் பந்துருட்டு கிளப்பைப் பிடித்துக்கொண்டு அதில் பாராளுமன்றம் கூட்டுகின்றன. பதினோராம் அத்தியாயத்துக்கு வரும்போது ஊரில் மனுஷர் ஒருவரும் மிச்சமில்லை. மீன்கள் மட்டும் உட்கார்ந்து வரி போடுவதைப் பற்றி வாதாடிக்கொண்டிருக்கின்றன.

ஹோபார்ட்டில் கார் கொட்டகைக்குள் பதிப்பகம் நடத்திக்கொண்டிருந்த இக்கி ஃபருஜியா என்பவர் அதை வெளியிட்டார். எதிர்காலம், பேய், வேற்றுக்கிரகம் என்று எழுதுகிற ஆஸ்திரேலியர்கள் வருஷத்துக்கு ஒருமுறை மெல்பர்னில் கூடுவார்கள். ஒருத்தர் புத்தகத்தை இன்னொருத்தர் வாங்குவார், பரிசும் அவர்களுக்குள்ளேயே சுற்றி வரும். அங்கே மர்லீனின் புத்தகம் கொஞ்சம் விற்றது. மனிதர்களைவிட மீன்கள் நன்றாக வந்திருப்பதாக ஒரு விமர்சனம் எழுதப்பட்டது. அதோடு அந்தப் புத்தகத்தின் கதை முடிந்தது என்றுதான் அவள் நினைத்தாள்.

பிறகு நிஜமாகவே மழை பிடித்துக்கொண்டது. டுலூமி ஆறு ஏறியது. மூட வேண்டிய நேரத்தில் வடக்கு மதகு சிக்கிக்கொண்டது. தண்ணீர் முதலில் பல் மருத்துவமனைக்குள் போனது, அப்புறம் ஊருக்குள். யாரும் சாகவில்லை. ஆனால் வடக்குப் பக்கத்தில் நிற்கிற வீடு என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் மிஞ்சவில்லை. மர்லீனும் அவள் கணவன் ரஸ்ஸும் மற்றவர்களைப் போலவே கண்காட்சித் திடலில் அரசாங்கம் நிறுத்திவைத்த, படுக்கையும் அடுப்பும் உள்ள கேரவன் வண்டி ஒன்றில் குடியேறினார்கள். வருஷா வருஷம் மாடுகளுக்குப் பரிசு கொடுக்கிற கொட்டகை பக்கத்தில் அவர்களுக்கு இடம் கிடைத்தது. வாடை கொஞ்சம் இருந்தது, ஆனால் மேடான இடம்.

விசாரணை பந்துருட்டு கிளப்பில் நடந்தது. அதுதான் காய்ந்திருந்தது. சிட்னியிலிருந்து வந்தவர் ஃபெர்கஸ் ஆப்பிள்கார்த், முன்னறிவு மற்றும் மீள்திறன் ஆணையத்தின் ஆணையர். மடித்துவிட்ட சட்டைக் கை, கூலியாட்கள் போடுகிற மாதிரி புத்தம் புது பூட்ஸ். வந்தவுடனே எல்லோரிடமும் கைகுலுக்கினார்.

"சார், கமிஷனர் எல்லாம் வேண்டாம். ஃபெர்கஸ்னே கூப்பிடுங்க. நாம எல்லாம் ஒண்ணுதானே" என்றார்.

முதலில் மதகைப் பராமரிக்கிற பொறியாளரைக் கூப்பிட்டார்கள். மதகு துருப்பிடித்திருக்கிறது, மாற்ற வேண்டும் என்று தான் வருஷா வருஷம் எழுதியதாக அவர் சொன்னார். ஃபெர்கஸ் அதை மறுக்கவேயில்லை.

"வந்துச்சுங்க. ஒவ்வொரு வருஷமும் வந்துச்சு. அதுதான் சிக்கலே" என்றார் அவர் சபையைப் பார்த்து. "ஒரே விஷயத்தை ஒருத்தர் வருஷா வருஷம் சொன்னா அது புது விஷயமா பழைய விஷயமான்னு ஒரு ஆணையம் எப்படிக் கண்டுபிடிக்கும்? அவர் சொன்னதுல ஒரு சுவாரசியம் இல்ல. எங்க ஊழியர்களும் மனுஷங்கதானே. முதல் பக்கத்தைத் தாண்ட முடியல. ஆனா இந்தம்மா எழுதினது அப்படி இல்ல. எங்க சட்டப் பிரிவுல ஒரு பொண்ணு ஒரே மூச்சுல படிச்சு முடிச்சிருக்கா."

பிறகு மர்லீனைக் கூப்பிட்டார்கள்.

"வடக்கு மதகு சிக்கும்னு உங்களுக்கு எப்படித் தெரியும், மர்லீன்?"

"எனக்குத் தெரியாதுங்க. நானா கட்டிவிட்டது."

"தண்ணி முதல்ல பல் ஆஸ்பத்திரிக்குப் போகும்னு எழுதியிருக்கீங்க. போச்சு."

"எனக்கு டாக்டர் மேல கோவம். அதான்."

கூட்டத்தில் டாக்டரும் இருந்தார். திரும்பிப் பார்த்தார்.

"கோவத்துல எழுதினீங்களோ சந்தோஷத்துல எழுதினீங்களோ, அது உங்க வழிமுறை. நாங்க அதுல தலையிட மாட்டோம்" என்றார் ஃபெர்கஸ். "நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. இவ்வளவு பெரிய ஆபத்து முன்னாடியே தெரிஞ்சிருந்தும் ஏன் எங்ககிட்ட சொல்லல?"

"புத்தகமா போட்டேனே. கடையில இருந்துச்சே."

"எந்தக் கடையில?"

டுலூமியில் புத்தகக் கடை கிடையாது. பெட்ரோல் பங்கில் மீன் தூண்டில் பக்கத்தில் சில பிரதிகள் வைத்திருந்தார்கள்.

விசாரணையின் முடிவு சீக்கிரம் வந்தது. ஆபத்தை முன்கூட்டியே அறிந்திருந்த ஒரே நபர் அதைக் கற்பனை என்று சொல்லி வெளியிட்டதால் அதிகாரிகள் யார் மேலும் குற்றம் இல்லை. அந்த நபர் மேலும் நடவடிக்கை வேண்டாம், ஆனால் அவருடைய திறமையை இனி வீணாக்கக்கூடாது. "சேற்றுப் பாராளுமன்றம்" ஆணையத்தின் அதிகாரபூர்வ முன்னறிவிப்பு நூலாக ஏற்கப்படுகிறது.

இக்கி ஹோபார்ட்டிலிருந்து போன் பண்ணினார். "மர்லீன், என்ன நடக்குது அங்க? சர்க்கார் பெட்டி பெட்டியா புத்தகம் கேக்குது! கொட்டகையில இருந்த என் காரை வெளியில நிறுத்திட்டேன்."

"இக்கி, அவங்க அதை நிஜம்னு நினைக்கறாங்க."

"நினைச்சுட்டுப் போகட்டுமே. நம்ம ஆளுங்க எழுதறதை இந்த நாட்டுல யாராவது எதுவாவது நினைச்சாங்களா இதுவரைக்கும்?"

மர்லீன் போனை வைத்துவிட்டாள்.

கொஞ்ச நாளில் ஃபெர்கஸ் தானே கேரவனுக்கு வந்தார். ரஸ் மடக்கு நாற்காலியை விரித்துப் போட்டான். மர்லீன் காபி கலந்து கொடுத்தாள்.

"மூன்றாம் அத்தியாயம் நடந்துடுச்சு" என்றார் ஃபெர்கஸ், கோப்பையை ஊதியபடி. "நாலாவதுக்கு நாங்க தயாராகணும். அதுல மீன் பேசுதே."

"ஆமாங்க. அது சும்மா."

"எப்ப பேசும்?"

மர்லீன் ரஸ்ஸைப் பார்த்தாள். ரஸ் ஆற்றுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஃபெர்கஸ், மீன் பேசாது."

"மதகு சிக்காதுன்னுதான் நாங்களும் நினைச்சோம்" என்றார் அவர். குரலில் நிஜமான வருத்தம் இருந்தது. "ஒரு தடவை ஏமாந்துட்டோம். ரெண்டாவது தடவை ஏமாந்தா ஜனங்க எங்களை மன்னிக்க மாட்டாங்க, மர்லீன். பொறுப்புன்னு ஒண்ணு இருக்கில்ல?"

"அப்போ எங்க வீடு?" என்று கேட்டான் ரஸ்.

"அது தனிப் பிரிவு. நான் அவங்ககிட்ட சொல்றேன்."

மறு வாரத்திலிருந்து வேலைகள் ஆரம்பித்தன. ஊரார் முதலில் சந்தோஷப்பட்டார்கள், லாரி வருகிறதே என்று. லாரியில் வந்தது செங்கல் இல்லை. பந்துருட்டு கிளப்பின் வாசலில் இருந்த சக்கர நாற்காலிச் சரிவுப் பாதையை அகலமாக்கி, எப்போதும் ஈரமாக இருக்கும்படி மேலே குழாய் போட்டார்கள். மீன் வழுக்காமல் ஏற வேண்டும், அதே சமயம் காய்ந்தும் போகக்கூடாது. ஆற்றங்கரை நெடுகப் பலகைகள் நட்டார்கள்: "மெதுவாகவும் மரியாதையாகவும் பேசவும். கையை நீட்ட வேண்டாம்." மீனுக்குக் கை கிடையாது என்பதால் அந்தக் கடைசி வரி மேல் ஆணையத்துக்குள்ளேயே பெரிய விவாதம் நடந்ததாக மர்லீன் கேள்விப்பட்டாள். காட் மீன் உறவு அதிகாரி என்று ஒருவரை நியமித்தார்கள். அந்த இளைஞன் தினமும் காலையில் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்து, ஆற்றைப் பார்த்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். மத்தியானம் இறைச்சி அடைத்த பேஸ்ட்ரி சாப்பிட்டுவிட்டு மறுபடி உட்காருவான். யாராவது ஏதாவது பேசினார்களா என்று ஊரார் கேட்டால், அதைத் தான் வெளியில் சொல்லக்கூடாது என்பான்.

ரஸ்ஸுக்கு அந்தத் திடலில் இருந்த ஒரே சுகம் தூண்டில். காலையில் பின்பக்கம் திறந்த யூட் வண்டியை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனால் மத்தியானம்தான் வருவான். ஒரு நாள் சீக்கிரமே திரும்பிவிட்டான். கையில் தூண்டில் இல்லை.

"பிடுங்கிட்டான்" என்றான்.

"யாரு?"

"ரேஞ்சர். காட் மீன் பிடிக்கக்கூடாதாம். நாளைக்கு நாட்டை ஆளப்போற கட்சியாம் அது. நான் பிடிச்சது கெண்டைன்னு சொன்னேன். கெண்டைக்கு ஓட்டுரிமை உண்டான்னு உன் புத்தகத்துல தெளிவா இல்லையாம், அதனால அதுவும் கூடாதாம்."

"ரஸ், நான் வேணும்னு பண்ணல."

"தெரியும்மா." அவன் படியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினான். "ஆனா கங்காருவைப் பேச வெச்சிருக்கலாம் நீ. நான் கங்காரு பிடிக்கிறதில்ல."

பக்கத்துக் கேரவனில் இருந்த நொலீன் ஸ்டப்ஸ் அவ்வளவு பொறுமையாகச் சொல்லவில்லை. தலைமுடி திருத்தும் கடை வைத்திருந்தவள். கடை போய்விட்டது, கண்ணாடிகளோடு சேர்த்து.

"அடியே மர்லீன், உனக்குப் பல் டாக்டர் மேல கோவம்னா அவன் காரைக் கீறிவிட்டிருக்கக்கூடாதா?" என்று துணி காயப்போட்டபடியே கத்தினாள். "ஊரையா முழுகடிப்ப?"

"நொலீன், நான் எழுதினதால வெள்ளம் வரல."

"எனக்குத் தெரியாதா? எனக்குத் தெரியும்டி. அவனுங்களுக்குத் தெரியலையே!"

அடுத்து ஒரு திரைப்பட இயக்குநர் வந்தாள். டாம்சின் வூக்கோவிச் என்று பெயர். வேற்றுலக ஜந்துக்களை வைத்துப் படம் எடுக்க வேண்டும் என்று வருஷக்கணக்காக ஒவ்வொரு கலை நிதியத்தின் வாசலிலும் நின்றவள். மீன்கள் கரையேறும்போது ஊரார் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று காட்டும் பயிற்சிப் படம் எடுக்க ஆணையம் அவளை அமர்த்தியிருந்தது. மர்லீனைப் பார்த்ததும் ஓடி வந்து கட்டிக்கொண்டாள்.

"உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல, அக்கா. ஒரே ஒரு ஜந்து உடை தைக்கணும்னு கெஞ்சிக்கிட்டு இருந்தேன். கற்பனை ஜாஸ்தி, ஆஸ்திரேலிய வாழ்க்கையோட ஒட்டலைன்னு திருப்பி அனுப்பிட்டே இருந்தாங்க. இப்ப கற்பனை இல்ல, பயிற்சின்னு சொன்னேன். முழுப் பாராளுமன்றத்துக்கும் ரப்பர் மீன் தைக்கச் சொல்லிட்டாங்க. எதிர்க்கட்சிக்குத் தனி நிறம்!"

"டாம்சின், இங்க ஜனங்க கேரவன்ல இருக்காங்க."

டாம்சின் சுற்றிலும் பார்த்தாள். முகம் கொஞ்சம் வாடியது. "தெரியுதுக்கா. நான் மறுத்தா வேற யாரையாவது வெச்சு எடுப்பாங்க. மீனாவது ஒழுங்கா வரட்டுமே."

மீன்கள் நிஜமாகவே ஒழுங்காக வந்தன. கண்கள் உருண்டன, செவுள்கள் விரிந்து மூடின. மர்லீன் மனசில் பார்த்ததைவிட அழகாக இருந்தன. அவளுக்கு ஒரு நிமிஷம் பெருமையாகக்கூட இருந்தது. அதற்காகப் பிறகு வெட்கப்பட்டாள்.

ஊரார் தங்களையே நடிக்க வேண்டியிருந்தது. வீட்டை விட்டுப் பெட்டியோடு வெளியேறும் காட்சியில் நொலீன். அவள் வீடு இருந்த இடத்தில் அட்டையில் ஒரு வீட்டு முகப்பு செய்து நிறுத்தியிருந்தார்கள். நொலீன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள். சாத்தியவுடன் கைப்பிடியை விடாமல் நின்றாள். பிறகு குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்தாள். யாரும் அழச் சொல்லவில்லை. டாம்சின் கேமராவை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினாள். மேற்பார்வை பார்க்க வந்திருந்த ஃபெர்கஸ் நொலீன் பக்கம் குனிந்து, "அருமை. ஆனா கொஞ்சம் ஒத்துழைப்போட அழலாம். இன்னொரு தடவை எடுத்துடலாமா?" என்றார்.

நொலீன் இன்னொரு தடவை அழுதாள். அதற்குப் பிறகு அவள் மர்லீனிடம் கத்துவதை நிறுத்திவிட்டாள். மர்லீனுக்குக் கத்தலே தேவலை என்று தோன்றியது.

வீடுகளைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் தனிப் பிரிவிடம் சொல்லியிருப்பதாகவே பதில் வந்தது. கடைசியில் ஊரார் கூடி ஃபெர்கஸை விடாமல் பிடித்துக்கொண்டார்கள். கூட்டம் அதே கிளப்பில், சொட்டுச் சொட்டாக நனைந்துகொண்டிருந்த சரிவுப் பாதைக்கு மேலே. ஃபெர்கஸ் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுந்தார்.

"உங்க கஷ்டம் எனக்குப் புரியுது. ராத்திரி எனக்கே தூக்கம் வர்றதில்ல. ஆனா பதினோராம் அத்தியாயத்தைக் கொஞ்சம் பாருங்க." அவர் மெதுவாக வாசித்தார். "'வடக்குத் தெருவில் மனிதக் குரல் கேட்டுப் பல காலமாகிவிட்டது.' இது நானா சொன்னேன்? முன்னறிவிப்பு. ஆள் இருக்கப்போறதில்லைன்னு நல்லாத் தெரிஞ்ச ஒரு இடத்துல ஜனங்க வரிப்பணத்தைப் போட்டு வீடு கட்டினா நாளைக்குத் தணிக்கையில என்ன பதில் சொல்வேன்? முன்னாடி எச்சரிக்கையைக் கேக்கலைன்னு திட்டினீங்க. இப்ப கேக்கறேன். அதுக்கும் திட்டினா எப்படி?"

எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். ரஸ் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

"யோவ், அது கதைய்யா! என் பொண்டாட்டி சமையல் மேஜையில உக்காந்து எழுதினது! பக்கத்துல உருளைக்கிழங்கு வெந்துட்டு இருந்துச்சு!"

"அவங்க தன்னடக்கம் எங்களுக்குத் தெரியும், ரஸ்" என்றார் ஃபெர்கஸ்.

மர்லீன் எழுந்து நின்றாள். "அந்த அத்தியாயத்தை மாத்தி எழுதினா?"

ஃபெர்கஸ் புத்தகத்தை மூடினார். அவர் முகம் மலர்ந்தது. உதவி செய்ய ஒரு வழி கிடைத்த மனுஷனின் முகம் அது.

"தாராளமா எழுதுங்க. இது ஜனநாயக நாடு. திருத்திய முன்னறிவிப்பை எங்க குழுவுக்கு அனுப்புங்க. நியாயமா பரிசீலிப்போம்."

இக்கி உடனே ஒத்துக்கொண்டார். இரண்டாம் பதிப்பு என்றால் அவருக்குக் கசக்குமா. மர்லீன் கேரவனின் மடக்கு மேஜை முன்னால் உட்கார்ந்து, வடக்குத் தெருவில் வீடுகளைத் திரும்பக் கட்ட ஆரம்பித்தாள்.

சனிக்கிழமை காலையில் நொலீன் வந்து கதவைத் தட்டினாள். படப்பிடிப்புக்குப் பிறகு முதல் தடவையாகப் பேசினாள்.

"என் கடைக்கு ஜன்னல் கிழக்குப் பக்கம் வை. மேற்குப் பக்கம் வெச்சா சாயங்காலம் வெயில் கண்ணுல அடிக்குது, முடி கோணலா வெட்டிடறேன்."

மர்லீன் ஜன்னலைக் கிழக்கில் வைத்தாள். செய்தி பரவியது. ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருத்திக்குத் துணி துவைக்கும் அறை கொஞ்சம் அகலமாக வேண்டும். ஒருவருக்கு வாசலில் பழைய யூகலிப்டஸ் மரம் அப்படியே வேண்டும். அது வெள்ளத்துக்குப் பல வருஷம் முன்பே புயலில் விழுந்த மரம், ஆனாலும் நட்டுக் கொடுத்தாள். பல் டாக்டர்கூட வந்தார். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, "நாற்காலி பழசாவே இருக்கட்டும், மர்லீன். லீவு விஷயத்தை மறந்துடு" என்றார். அவருக்குப் புது நாற்காலியே கொடுத்தாள்.

கடைசியாக வந்தவர் மெர்வ் டக்கெட், தானியக் கிடங்கில் ரஸ்ஸோடு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தனிக்கட்டை. படியில் நின்றபடி தலையைக் கவிழ்த்துக்கொண்டு பேசினார்.

"வீடு கீடு எல்லாம் எப்படி வேணும்னாலும் இருக்கட்டும். என் நாய் இருந்துச்சே, டிக்சி. தண்ணில போயிடுச்சு. அதைத் திரும்ப வர வைக்க முடியுமா? முடியலைன்னா பரவாயில்ல."

மர்லீன் அன்றைக்கு முழுவதும் அந்த நாயை எழுதினாள். ஒரு காது மடங்கி, ஈரம் சொட்ட, பாதை தவறி எங்கெங்கோ சுற்றிவிட்டு ஒரு நாள் மெர்வின் புது வீட்டு வாசலில் வந்து நிற்கிறது. அவள் இதுவரை எழுதியதிலேயே அதுதான் நன்றாக வந்தது. ரஸ் படித்துவிட்டு மூக்கைச் சிந்தினான். வெள்ளத்தைத் தடுக்க ஆற்றோரம் ஒரு கரையையும் எழுதினாள். இரண்டு வருஷத்தில் கட்டி முடிகிறது, மதகு புதிதாகிறது. திறப்பு விழாவுக்கு அமைச்சரே வந்து, எங்கள் தவறு, மன்னியுங்கள் என்று சொல்லிவிட்டு, எல்லோரோடும் வரிசையில் நின்று சாசேஜ் வாங்கிச் சாப்பிடுகிறார். மீன்களையும் அவள் விட்டுவிடவில்லை. அவை ஆற்றிலேயே இருந்துகொண்டு, மதகு சரியாக வேலை செய்கிறதா என்று பார்த்துச் சொல்கின்றன.

சிட்னியில் பரிசீலனைக் குழு கூடியது. மர்லீன் பஸ் பிடித்துப் போனாள். நீள மேஜை, ஜன்னலுக்கு வெளியே துறைமுகம், தட்டில் லாமிங்டன் கேக். ஃபெர்கஸ் வழக்கம்போல எழுந்து கைகுலுக்கினார். பக்கத்தில் இலக்கியம் தெரிந்த ஒரு பேராசிரியரும் நிதித் துறைக்காரர் ஒருவரும் இருந்தார்கள். எல்லோருமே படித்திருந்தார்கள். அது அவர்கள் முகத்தைப் பார்த்தவுடனேயே தெரிந்தது, அவ்வளவு அன்பாக நடந்துகொண்டார்கள்.

"முதல்ல ஒண்ணு சொல்லணும். அற்புதமான எழுத்து" என்றார் பேராசிரியர். "அந்த நாய் வர்ற இடம்! நான் அழுதுட்டேன்."

"நானும்" என்றார் நிதித் துறைக்காரர்.

"மீன்கள் மதகைக் கண்காணிக்கிறதும் ஏத்துக்கக்கூடியதுதான்" என்றார் ஃபெர்கஸ். "உறவு அதிகாரியோட கருத்தும் அதுதான். ஆனா மர்லீன், ஒரு இடம் மட்டும் நெருடுது."

"எந்த இடம்?"

"இந்தக் கரை கட்டற பகுதி. ரெண்டு வருஷத்துல முடிச்சிடறாங்கன்னு எழுதியிருக்கீங்க. அப்புறம் அமைச்சர் வந்து மன்னிப்புக் கேக்கறார்."

"ஆமா."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பேராசிரியர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "நம்பும்படியா இல்லைங்க. கற்பனைக் கதைக்கும் ஒரு தர்மம் இருக்கு. மீன் பேசும்னா வாசகர் ஒத்துக்குவார். செத்த நாய் வரும்னாலும் ஒத்துக்குவார். ஆனா இதைப் படிக்கும்போது புத்தகத்தை விட்டு வெளியே வந்துடறோம்."

"ஆனா நீங்க கட்டினா அது நடந்துடுமே?" என்றாள் மர்லீன். குரல் அவளுக்கே யாருடையதோ போலக் கேட்டது. "நம்பணும்னு கூட இல்லையே. கட்டினா போதுமே, ஃபெர்கஸ்."

ஃபெர்கஸ் அவளைப் பரிவோடு பார்த்தார். தட்டை அவள் பக்கம் நகர்த்தினார்.

"அங்கதான் இடிக்குது. கட்டப்போறது நாங்கன்னு எழுதியிருக்கீங்க. நான் இந்த ஆணையத்துல இருபது வருஷமா இருக்கேன், மர்லீன். எங்களை எங்களுக்குத் தெரியாதா?"

அவள் ஒரு லாமிங்டனை எடுத்துக்கொண்டாள். எடுக்காமல் இருப்பது மரியாதை இல்லை என்று பட்டது. கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

டுலூமிக்குப் பஸ் வந்தபோது நல்ல வெயில். ரஸ் யூட் வண்டியோடு நின்றிருந்தான். கண்காட்சித் திடலில் நொலீன், மெர்வ், டாக்டர், இன்னும் பாதி ஊர் மாட்டுக் கொட்டகை நிழலில் காத்திருந்தது. மர்லீன் இறங்கினாள். என்ன சொன்னார்கள் என்று யாரும் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள்.

"கரை கட்டறதை நம்ப முடியலையாம். அதனால வீடும் இல்ல. பழைய அத்தியாயமே இருக்கட்டும்னுட்டாங்க. மீன் சரின்னாங்க."

நொலீன் முகத்தில் மொய்த்த ஈயை விரட்டினாள்.

"அவனுங்க கட்டுவானுங்கன்னு எழுதினியா?" என்று கேட்டான் ரஸ்.

"எழுதினேன்."

"அதை நானே நம்பலம்மா" என்றான் அவன். சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தான். நொலீனுக்கும் தொற்றிக்கொண்டது. டாக்டர் கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மர்லீனும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் ஒவ்வொருவராகத் தங்கள் கேரவனைப் பார்த்து நடந்தார்கள்.

மெர்வ் மட்டும் சிரிக்கவில்லை, போகவும் இல்லை.

"நாயைப் பத்தி ஏதாவது சொன்னாங்களா?"

"நாய் வரலாம்னு சொல்லிட்டாங்க, மெர்வ். எல்லாருக்கும் அது பிடிச்சிருந்துச்சு."

மெர்வ் தலையாட்டினார். தொப்பியை எடுத்து, உள்பக்கத்தைப் பார்த்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார்.

"எப்ப வருமாம்?"

மர்லீன் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"கேட்டுச் சொல்றேன்" என்றாள்.